செம்மஞ்சள் விண்மீனும் அறுபடாத பதிவேடும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் பொலன்னறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) காலத்தது. ஊராத்துறை என அக்காலத்தில் வழங்கிய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காத்தல் பற்றியும், கெட்டுப்போன மரக்கலங்களின் பொருளைப் பங்கிடுதல் பற்றியும் அது விதி கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும், ஏனைய சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் உரியதாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் 1960களில் இச்சாசனத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கலம் கெடுதலுக்கென்றே சட்டம் வகுக்கவேண்டியிருந்த அத்துறையை நாடி வந்தோருக்கு இரவிற் கைகொடுத்தவை விண்மீன்கள். அவை எல்லாம் ஒளிமிக்கவை. தேடாமலே கண்ணிற் படுபவை. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் விண்மீன் எந்நிறத்ததாயினும் ‘வெள்ளி’ என்றே சொல்லப்படும். வெண்மையைக் குறிக்கும் சொல் செந்நிற மீனுக்கும் ஆகிவந்தமை சுவையானதொரு செய்தியாகும்.

இங்கு ஆராயப்படும் விண்மீன் கடலோடிகளுக்கு உதவிய இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்குத் தமிழிலே தனிப்பெயரில்லை. மேலைத்தேயத்தாரும் அதற்கு ஓர் எண்ணையே பெயராக இட்டனர். பாம்பேந்தி எனப் பொருள்படும் ஒஃபியூக்கஸ் உடுத்தொகுதியில் அது எழுபதாவது. ஓகஸ்டு மாத முற்பகுதியில், அதாவது ஆடியின் பிற்கூற்றில், இரவு ஒன்பது மணியளவில் நெடுந்தீவிலிருந்து நோக்குவோர்க்கு அது உச்சிக்கு ஏழு பாகை தெற்கே நிற்கும். சோழகம் வீசி, குறிகட்டுவானிலிருந்து செல்லும் படகுகளை அலைக்கழிக்கும் பருவம் அது. நான்காம் பருமனுடையதாகலின் நிலவொளியில்லாத இரவில் வெறுங்கண்ணுக்கு ஒரு சிறு புள்ளியாகத் தோன்றும். ஆயின் நிறம் தோன்றாது. தொலைகாட்டியில் நோக்கும்போதே அது ஒன்றன்று, இரண்டு என்பதும், இரண்டும் செம்மஞ்சள் சார்ந்தவை என்பதும் புலப்படும்.

செம்மஞ்சள் நிறமுடைய மீன்களைத் தமிழர் அறியாதவரல்லர். சோதி எனவும் சுவாதி எனவும் வழங்கும் நாள்மீனும், உரோகிணியும் அந்நிறத்தனவே. ஆயின் முன்னது 37 ஒளியாண்டு தொலைவிலும் பின்னது 65 ஒளியாண்டு தொலைவிலும் உள்ளன. அவை முதிர்ந்து பருத்த பெரும் விண்மீன்கள் ஆதலாலேயே அத்துணைத் தொலைவிலும் சுடர்விடுகின்றன. 70 ஒஃபியூக்கஸ் 16.7 ஒளியாண்டு தொலைவில் மட்டுமே உள்ளது. இருந்தும் மங்கலாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் இரு உறுப்புக்களும் நமது ஞாயிற்றிலும் சிறிதே மெலிந்தவையும் வெப்பங் குறைந்தவையும் ஆதல். நிறமே வெப்பத்துக்கு அளவுகோலாகும்: ஞாயிறு ஏறத்தாழ 5800 கெல்வின் வெப்பநிலையுடன் மஞ்சள் சார்ந்து ஒளிர, இவற்றுட் பெரியது 5300 அளவிலும் சிறியது 4400 அளவிலும் நின்று செம்மஞ்சளை நோக்கிச் சாய்கின்றன. அண்மையிலிருந்தும் பெயர்பெறாத இவ்விண்மீன், சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்னும் உரிமைக்கூற்று அறிவியல் ஏட்டிலே எழுந்த தொடக்ககால நிகழ்ச்சிகளுள் ஒன்றுக்குக் காரணமாயிற்று. அக்கூற்று எழுந்த இடம் சென்னை; ஆண்டு 1855.

தமிழ்க் கரையில் தொலைகாட்டி கொண்டு இரட்டை விண்மீனை நோக்கும் வரலாறு அதற்கும் முந்தியது. பிரெஞ்சு யேசுசபைத் துறவியான ஜான் ரிஷோ சீயத்துக்கு அனுப்பப்பட்ட குழுவைச் சேர்ந்தவர். அங்கு 1688 இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பின்பின் அவர் புதுச்சேரியை வந்தடைந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளியை நோக்கிக்கொண்டிருந்தபோது, அயலிலிருந்த அல்பா சென்ரோறி என்னும் ஒளிமிக்க மீன் இரண்டாகப் பிரிந்து தோன்றுவதைக் கண்டார். இன்றைய அறிவின்படி அவ்விரண்டனுள் மங்கலானது செம்மஞ்சள் மீனாகும், தொலைவு 4.4 ஒளியாண்டு. நமக்கு மிக அண்மையிலுள்ள செம்மஞ்சள் விண்மீனைத் தனித்துக் கண்ட முதல் நிகழ்ச்சி, ஆகவே, ஒரு தமிழ்த் துறையிலே நிகழ்ந்தது. அவ்வாண்டில் நெடுந்தீவு உட்பட யாழ்ப்பாணத் தீவுகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. நான்கு ஆண்டுகள் கழிந்து புதுச்சேரியையும் அவர்களே கைப்பற்றினர். நெடுந்தீவின் தென்கரையில் நிற்போருக்கு அம்மீன் கடலுக்கு மேலே ஏறத்தாழ இருபது பாகை உயரத்தில், யூன் மாதத்து முன்னிரவுகளில், எதிர்நிற்கும். இங்கிலாந்தில் அது என்றுமே எழுவதில்லை.

ரிஷோ கண்டது ஒரு தோற்றம். அளவீடுகளைத் தொடர்ந்து எடுத்து அவற்றைச் சேமிக்கும் முறை அதற்கு நூறாண்டு கழிந்தே சென்னையில் வேரூன்றியது. வில்லியம் பீற்றி என்பார் 1786 இல் எழும்பூரிலே தம் சொந்தச் செலவில் நிறுவிய வானாய்வுநிலையத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792 இல் நுங்கம்பாக்கத்திற் கட்டடம் அமைத்தது. கருவியைத் தாங்குதற்கு நிறுத்தப்பட்ட கருங்கற்றூணில் இலத்தீனுடன் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. கம்பெனியாரின் நோக்கம் அறிவு வளர்ச்சி மட்டுமே என எண்ணுதல் பேதைமையாகும். நெடுங்கோட்டை அறிதலும், நிலத்தை அளத்தலும், கப்பல்களுக்கு நேரங் கொடுத்தலுமே அவர்களுக்கு வேண்டியிருந்தன. எனினும் இத்தேவைகளுக்கென வாங்கப்பட்ட கருவிகள் இரவுதோறும் வேறு பல பணிகளுக்கும் உதவின. தோமஸ் கிளான்வில் ரெயிலர் அங்கிருந்து வெளியிட்ட, பதினோராயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிலைப்பட்டியல் இதற்குச் சான்றாகும்.

ரெயிலருக்குப் பின் 1848 இறுதியிற் பொறுப்பேற்ற கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் பம்பாய்ப் பொறியியற் படையைச் சேர்ந்தவர். பெரும் முக்கோண நில அளவையிலே பணியாற்றியவர். பூனாவில் தமக்கென ஒரு சிறு வானாய்வுநிலையம் அமைத்து இரட்டை விண்மீன்களை அளந்து பழகியவர். சென்னையில் அவருக்குப் பாரிசு நகரத்து லெரெபூர் தொழிலகத்தாரின் ஏறத்தாழ ஆறங்குல வில்லையுடைய தொலைகாட்டி வாய்த்தது. கருவி பெரிதன்று, இடமே சிறந்தது. 70 ஒஃபியூக்கஸ் கிறீனிச்சில் நாற்பத்தோரு பாகைக்கு மேல் எழாது. சென்னையிலோ ஏறத்தாழ எண்பது பாகை எழும். உச்சியை நெருங்கிய மீனின் ஒளி குறைந்த வளித்தடிப்பினூடே வருதலால் நடுக்கங் குறைந்து தோன்றும்.

அவ்விரட்டை மீனை வில்லியம் ஹேர்ஷல் 1779 இல் கண்டிருந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தெளிவாயிற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். நியூற்றனின் ஈர்ப்பு விதி அங்கும் செல்லுமாயின், துணைமீன் தலைமை மீனைச் சார்ந்து ஒரு நீள்வளையத்தில் ஒழுகவேண்டும். எந்த ஆண்டில் அது எத்திசையில் எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கவும் முடியவேண்டும். அளவையாளரோ கணிப்புக்கும் காட்சிக்கும் இடையே வேறுபாடு இருப்பதைக் கண்டனர். ஜேக்கப் தமது அளவீடுகளையும் ஏனையோரின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, அவ்வேறுபாடு ஒழுங்குடையது, ஆதலின் கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று அத்தொகுதியில் இருத்தல் பெரிதும் கூடும் என்னும் முடிவை இலண்டன் அரச வானியற் கழகத்தின் மாதாந்த வெளியீட்டில் 1855 இல் எழுதினார். 1846 இல் யுரேனசின் ஒழுக்கிற் கண்ட பிசகிலிருந்தே நெப்டியூன் என்னும் கோள் கண்டறியப்பட்டிருந்தது. அவ்வெற்றியின் சூடு ஆறாத காலத்தில் இம்முடிவு இயல்பானதே.

ஜேக்கப் அளக்க முயன்றது எத்துணைச் சிறியது என்பதை உணராமல் அவரைப் புகழ்தலும் இகழ்தலும் பயனற்றவை. பஞ்சாங்கம் பயில்வோர் அறிந்தவாறு ஒரு பாகை அறுபது கலை. ஒரு கலை அறுபது விகலை. அக்காலத்தில் அவ்விரு மீன்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ ஆறரை விகலை. நிறைமதியின் குறுக்களவில் அது இருநூற்றெழுபதில் ஒரு பங்கு. ஐயத்துக்கிடமான பிசகோ ஒரு விகலையின் சிறு பின்னம். விகலையில் பத்திலொரு கூறு என்பது, குறிகட்டுவான் துறையில் நின்று பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் நெடுந்தீவுக் கரையிற் கிடக்கும் ஓர் அரிசியின் நீளத்தை அளப்பதற்கு ஒப்பாகும். நடுங்கும் வளியினூடே, சிலந்தி நூலிழைகளை நகர்த்தும் நுண்மானியால், ஒரு மனிதன் தன் கண்ணை நம்பி எடுக்கும் அளவு அது. ஒவ்வொருவர் கண்ணுக்கும் உரிய சாய்வு வேறு. கருவிக்குரிய வழு வேறு. அவையனைத்தும் ஒன்றுசேர்ந்தும் ஒழுங்குடையதோர் அலைவைத் தோற்றுவிக்கக்கூடும்.

சென்னையில் இவை நிகழ்ந்த காலத்தில் பாக்குநீரிணைக்கு இப்பால் யாழ்ப்பாணம் வானியலில் உறங்கிக்கிடக்கவில்லை. ஊர்காவற்றுறைத் தீவுக்கு எதிரே, கடனீரேரிக்கு அப்பால் உள்ள வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரி வானியலை உயர்கல்விப் பாடமாகக் கற்பித்தது. அருகிலுள்ள அராலியிற் பஞ்சாங்கக் கணிதத்திற் பெயர்பெற்ற விசுவநாத சாஸ்திரியார் வாழ்ந்தார். 1829 மார்ச்சு 20 ஆம் திகதிச் சந்திரகிரகணத்தின் நேரம், அளவு ஆகியவை பற்றி அவரது கணிப்பும் செமினரித் தலைவர் தானியேல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. அன்றிரவு வானமே நடுவராயிற்று. பூவரின் கணிப்பே பொருந்தியது என்பது மிசனரிமார் எழுதிவைத்த வரலாறு. அவர்கள் அதனைத் தம் சமயப் பிரசாரத்துக்கும் பயன்படுத்தினர். ஆயின் கிரகணம் எந்த நாளில் நிகழும் என்பதைச் சாஸ்திரியாரின் மரபும் கூறிவிட்டது என்பதையும், இருசாராரும் ஒரே தீர்ப்பை ஏற்க இசைந்து வானத்தை நோக்கினர் என்பதையும் அவ்வரலாற்றைப் படிப்போர் மறத்தலாகாது. அம்மரபின் வலிமையைச் சென்னை வானாய்வுநிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜோன் வாறன் நேரிற் கண்டவர். புதுச்சேரியிலே பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏடும் எழுத்துமின்றிச் சோழிகளை நிரைத்தே கிரகணங் கணித்த முறையை அவர் 1825 இல் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில் பதிவு செய்துள்ளார். பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த ஹென்றி ஹொய்சிங்ரன், இந்து வானியலை மொழிபெயர்ப்புடனும் குறிப்புக்களுடனும் விளக்கும் நூலொன்றை 1848 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளியிட்டார். ஜேக்கப் சென்னையிற் பொறுப்பேற்றதும் அவ்வாண்டிலேயே.

இங்கே ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. கிரகணம் ஓரிரவில் தீர்ப்பளித்துவிடும். 88 ஆண்டுகளுக்கொரு முறை சுற்றும் மீன்கள் எவர் ஒருவரின் வாழ்நாளிலும் தீர்ப்பளிப்பதில்லை. தாத்தன் அளந்த கோணத்தைப் பேரன் எடுத்துப் பார்க்கவேண்டும். இடையிலுள்ள ஆண்டுகளின் ஏடும் கிழியாமல் இருக்கவேண்டும். இத்தகைய அறிவு மேதைகளால் மட்டும் விளைவதன்று; பதிவேட்டைப் பேணும் நிலையங்களால் விளைவது. சென்னையில் அந்நிலையம் இருந்தது. ஜேக்கப் 1859 இல் நலங்குன்றிப் பதவி விலகி 1862 இல் பூனாவில் இறந்தபோதும் பதிவு நிற்கவில்லை. அவர்காலத்தில் அங்கு பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867 இல் ஆர் ரெற்றிக்கூலி என்னும் ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். 1874 இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்ததை நாட்டு மொழிகளிற் பொதுமக்களுக்கு விளக்கினார். பஞ்சாங்கக் கணிதக் குடும்பத்திலே பிறந்த ஒருவர் நுண்மானிக்குப் பின்னால் அமர்ந்தமை சென்னையில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் அது நிகழ்வதற்குரிய களம் இருந்தும் நிகழவில்லை. ஜேக்கப்பின் கட்டுரை வெளிவந்த அதே 1855 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அதன் இடத்தில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்து கல்விப்பணியைத் தொடர்ந்ததாயினும், இரவுதோறும் வானை அளந்து எழுதும் நிலையம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உருவாகவில்லை.

ஜேக்கப் கூறிய கோளின் கதை அமெரிக்காவிலே தொடர்ந்தது. தோமஸ் சீ என்பார் 1896 இல் அத்தொகுதியிற் புலனாகாத மூன்றாம் பொருளொன்று இருப்பதாக வலியுறுத்தினார். அவ்வாறு ஒரு பொருள் அவர் கூறிய ஒழுக்கில் நிலைத்திருக்க இயலாது என்பதை 1899 இல் போறெஸ்ற் ரே மோல்ற்றன் கணிதத்தால் நிறுவினார். சீ வெகுண்டு எழுதிய கடிதம் அறிஞருலகில் அவர் மதிப்பையே குறைத்தது. 1943 இல் றோயில், ஹோம்பேர்க் ஆகிய இருவரும் ஒளிப்படத் தகடுகளை ஆதாரமாகக் கொண்டு அதே தொகுதியில் மீண்டும் ஒரு கோளை அறிவித்தனர். 1988 இல் வூல்ஃப் ஹைன்ற்ஸ் நெடுங்கால அளவீடுகளை மீளாய்ந்து அதற்கும் ஆதாரமில்லையெனக் காட்டினார். அறியப்பட்ட கோள் எதுவும் இன்று அத்தொகுதிக்கு இல்லை. ஞாயிற்றை ஒத்த விண்மீனொன்றுக்குக் கோள் உண்டென்பது 1995 இல் 51 பெகாசி என்னும் மீனைக் கொண்டு உறுதியாயிற்று. அதற்குப் பயன்பட்ட முறையும் வேறு. ஒளியின் நிறமாலையில் நேரும் நுண்ணிய பெயர்ச்சியே அங்கு சான்றாயிற்று.

சென்னையிலேயே முதற் புறக்கோள் கண்டுபிடிக்கப்பட்டது எனப் பெருமை பேசுவோர் உளர். இல்லாத கோளைக் கொண்டு பெருமை தேடுதல் வரலாற்றுக்கு இழுக்கு. ஜேக்கப்பின் உரிமைக்கூற்று வீழ்ந்தது. அவரது அளவீடுகள் வீழவில்லை. ஹைன்ற்ஸ் போன்றோர் அத்தொகுதியின் ஒழுக்கை வரையறுத்து, இரு மீன்களின் நிறையையும் அறிய முடிந்தமைக்கு 1779 முதல் இரண்டு நூற்றாண்டுகளாகப் பலர் எழுதிவைத்த கோணங்களும் தொலைவுகளுமே அடிப்படை. பெரியது ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, சிறியது பத்தில் ஏழு பங்கு என்பது இன்றைய கணிப்பு. கோளை அறிவித்த கட்டுரையிலும் அவர் பெரிதும் கூடும் என்ற அளவில் நின்றார். ஐயத்துக்கு இடம்வைத்தே எழுதினார். சீயிடம் இல்லாத அடக்கம் இது.

யாழ்ப்பாணத்து நிலையை இதனோடு வைத்து நோக்குமிடத்து வருத்தமே மிஞ்சுகின்றது. பஞ்சாங்க மரபு அறவில்லை. கொக்குவிலிலிருந்து இரகுநாதையர் பெயரில் வெளிவரும் வாக்கிய பஞ்சாங்கம் இன்றும் வீடுகளிற் பயன்படுகின்றது. அறுந்தது நோக்கி எழுதும் பதிவு. எழுதப்பட்டவற்றுள்ளும் பல எஞ்சவில்லை. 1981 மே இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1990களின் போர்ச்சூழலில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீடுகளிற் பேணப்பட்டவையும் சிதறின. நயினாதீவுச் சாசனம் கல்லிற் பொறிக்கப்பட்டதால் தப்பியது. தோணி செலுத்தியோர் எம்மீனை எப்பருவத்தில் நோக்கினர் என்பதை எவரும் கல்லில் எழுதவில்லை. முதிய கடற்றொழிலாளரிடம் எஞ்சியுள்ள வெள்ளிப் பெயர்களையேனும் ஊர்வாரியாகக் கேட்டு எழுதும் பணி பல்கலைக்கழக மாணவர் கைக்கு எட்டாததன்று. அதற்குத் தொலைகாட்டியும் வேண்டியதில்லை.

தொலைகாட்டி வாய்ப்போர்க்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. 70 ஒஃபியூக்கசின் இரு மீன்களும் ஒன்றுக்கொன்று மிக அண்மித்தது 1984 இல். 88 ஆண்டுச் சுற்றில் அவை மிக விலகி நிற்கும் காலம் 2028 ஐ ஒட்டி வருகின்றது. ஜேக்கப் சென்னையில் அளந்த காலமும் அத்தகையதே. இடையில் இரண்டு முழுச் சுற்றுக்கள் கழிந்துள்ளன. ஆகவே இவ்வாண்டுகளில் அம்மீனை நோக்குவோர் அவர் கண்ட அமைப்பையே ஏறத்தாழ அப்படியே காண்பர். மூன்றங்குலக் கண்ணாடியுடைய சிறு கருவியே போதும். நெடுந்தீவின் மேற்குக் கரையில், ஊர்விளக்குகள் முதுகுக்குப் பின்னாகும்படி நின்று, ஆடி, ஆவணி மாதத்து நிலவில்லா இரவுகளில் அம்மீனை உச்சியருகே தேடலாம். நயினாதீவுத் திருவிழா முடியும் ஆனி நிறைமதி நாட்களில் தேடுதல் வீண். மதி அப்போது அதற்குத் தெற்கே, மூலம், பூராடம் ஆகிய நாள்மீன்களை அண்டிநின்று வானை வெளுக்கச் செய்துவிடும். 2072 ஐ ஒட்டி அவ்விரு மீன்களும் மீண்டும் நெருங்கும்; அக்காலத்திற் சிறு கருவியால் அவற்றைப் பிரித்துக் காண்பது அரிதாகும்.